முகூர்த்தக் கணக்கில் ஒரு கேமரா

ஆடி பிறந்தால் தாமிரபரணியில் தண்ணீர் வரும். ஸ்டுடியோவுக்கு ஆள் வராது. ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணாச்சியின் ஸ்டுடியோவுக்கு நான் போன நாளிலும் அப்படித்தான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்துபோனதோடு சரி. மேசைமேல் பழைய துண்டை விரித்து, இருக்கிற லென்ஸ்களை வரிசையாக நிறுத்தி, புளோயரால் ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைப்பேசியில் யாரோ ஒருவர் புதிதாக வந்த கேமராவின் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரில் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தில் ஆவணி முகூர்த்த நாட்களுக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம்.

“புதுசு வாங்கலாம்னு இருக்கீங்களா அண்ணாச்சி?”

“வாங்குனா வாங்கிரலாம் தம்பி. கடைக்காரன் வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கான். கட்டுறதுக்கு முகூர்த்தம் வேணும்லா?”

எந்தக் கம்பெனி எந்த மாதம் எந்த மாடலை இறக்குகிறது என்று உலகமே பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த ஆற்றங்கரையில் கேமரா வாங்குவதைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் பெரும்பாலான வீடுகளில் வைப்பதில்லை. மிச்சம் ஒன்பது மாதம். அதிலும் எல்லா முகூர்த்தமும் நமக்கு வருமா? ஒரே நாளில் மூன்று ஆர்டர் வந்து இரண்டைக் கைவிட வேண்டியிருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்கு ஒன்றுகூட வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கல்யாண வேலைக்குப் பரவலாக வாங்கப்படும் சோனி ஏ7 மார்க் 4, 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவுக்கு வந்தபோது பாடி மட்டும் 2,42,490 ரூபாய். பாடியை மட்டும் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போக முடியாது. ஒரு நல்ல சூம் லென்ஸ், பிளாஷ், டிரிகர், நான்கு பேட்டரி, கார்டு என்று சேர்த்தால் ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடும். ஐந்து லட்சத்தை 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு 40 கல்யாணம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தாலிகட்டிலும் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய் கேமராவுக்கே போகிறது. உடன் வரும் ஆட்களின் சம்பளம், ஆல்பம் அடிக்கும் லேப் செலவு, பெட்ரோல் எல்லாம் அதற்கு மேல். ஆடி வந்தாலும் வங்கிக்காரருக்கு ஆவணிதான். தவணை நிற்காது.

அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டம்மாவுக்குக் காட்டவாம்.

வீட்டம்மா இதில் எங்கே வருகிறார் என்று கேட்பவர்கள் இந்தத் தொழிலை அறியாதவர்கள். முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவில் ஐந்து லட்சம் வரை பிணையில்லாமல் கடன் கிடைக்கும் என்பது காகிதத்தில் இருக்கிறது, வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவசரத்துக்கு ஓடுவது கூட்டுறவுச் சங்க நகைக்கடனுக்குத்தான், இல்லாவிட்டால் ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பதற்கு. நெல்லைச் சீமையில் எத்தனையோ கேமராக்களுக்குப் பின்னால் ஒரு ஜோடி வளையல் இருக்கிறது. அந்த வளையல் திரும்பி வீட்டுக்கு வருவதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும்.

சன் கன் வெளிச்சத்தில்

கேமரா வாங்குவது இவ்வளவு பெரிய காரியமாக எப்போதும் இருந்ததில்லை. கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடத்திய காலத்தில் ஸ்டுடியோ என்றால் ஒரு பெட்டிக் கேமராவும் ஒரு படுதாவும். படுதாவில் மாடமும் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்திருக்கும். படத்தின் பெருமை பாதிக்குமேல் அந்தத் தூரிகையுடையது. கேமரா தலைமுறைக்கு ஒன்று. அப்பா வாங்கியதில் மகன் எடுத்தார். அப்படி எடுத்த படங்கள் பரணில் செல்லரிக்கத் தொடங்கியபிறகு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஊர் ஊராகப் போய் பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களை எண்மப் பிரதி எடுத்தார்கள்.

பிலிம் காலத்திலும் செலவு பிலிமுக்குத்தான், கேமராவுக்கு அல்ல. யாஷிகாவோ பென்டாக்ஸ் கே1000-மோ ஒருமுறை வாங்கினால் பதினைந்து வருடம் ஓடும். ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள் அந்நாளைய ஸ்டுடியோக்களுக்கு அன்றாட அரிசி. 36 படத்தில் ஒரு முகூர்த்தத்தை அடக்கத் தெரிந்தவரே கெட்டிக்காரர்.

வீடியோ வந்தபிறகு கதை மாறியது. பானசோனிக் எம்9000 தோளில் ஏறினால் அந்தக் கேமராமேனுக்கு மாப்பிள்ளைக்குச் சமமான மரியாதை. அவருக்குப் பின்னால் ஒரு பையன் கையில் சன் கன் என்கிற ஆயிரம் வாட் விளக்கைப் பிடித்துக்கொண்டு, வயர் ஆட்களின் காலில் மாட்டாமல் பார்த்துக்கொண்டு நடப்பான். விளக்கு பக்கத்தில் வந்தால் பந்தியில் இருப்பவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பளத்தைத் தேடுவார்கள். அந்தக் காலத்துக் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பாருங்கள்; சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே முகபாவம். பிறகு எம்டி10000 வந்தது, மினி டிவி டேப் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையல்.

உடைப்பு 2008-ல். அந்த ஆகஸ்டில் நிக்கான் டி90, வீடியோ எடுக்கத் தெரிந்த முதல் டிஎஸ்எல்ஆராக வந்தது. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2. முழு அளவு சென்சாரில் சினிமாபோலப் பின்னணி கலங்கிய வீடியோ. பார்த்தவர்கள் பைத்தியமானார்கள். ஆனால் நமக்கு அதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, நம் ஊர் வீடியோ நொடிக்கு 25 பிரேம். இது 30 மட்டும் எடுத்தது. பக்கத்தில் ஓடும் வீடியோ கேமராவோடு எடிட்டிங்கில் சேரவில்லை. 2010 மார்ச்சில் கேனான் மென்பொருளைத் திருத்தி 25 பிரேமைக் கொடுத்தபிறகே நிம்மதி. இன்னொன்று, நான்கு ஜிபி நிரம்பினால், அதாவது 12 நிமிடத்தில், பதிவு நின்றுவிடும். ஐயர் மந்திரத்தை நிறுத்துவாரா? அதனால்தான் சோனி எம்சி2500 போன்ற தோள் கேமராக்கள் இன்றும் இந்தப் பக்கத்து மண்டபங்களில் உயிரோடு இருக்கின்றன. நலங்கு முதல் பந்தி வரை விடாமல் ஓட வேண்டும், பெரியம்மா கட்டிய பட்டுச்சேலை மூன்று தடவையாவது தெரிய வேண்டும். இதை ‘டிரெடிஷனல்’ என்கிறார்கள். பின்னணி கலங்கிய அழகுக்குப் பெயர் ‘கேண்டிட்’. ஒரே மேடையில் இரண்டும் வேண்டும். ஆகவே இரண்டு அணி, இரண்டு வகைக் கருவி, இரண்டு மடங்கு முதல். அதற்குமேல் இப்போது நெடுக்குவாக்கில் எடுத்து அன்று சாயங்காலமே கொடுக்க வேண்டிய ரீல்ஸ்.

தாலிக்கு ரீடேக் கிடையாது

2018-ல் மிரர்லெஸ் போட்டி சூடு பிடித்தது. பிப்ரவரியில் சோனி ஏ7 மார்க் 3, ஆகஸ்டில் நிக்கானின் இசட் வரிசை, செப்டம்பரில் கேனான் ஈஓஎஸ் ஆர். மூன்றையும் மேசையில் வைத்தால் ஒரு கல்யாணப் போட்டோகிராபர் முதலில் திறந்து பார்ப்பது லென்ஸை அல்ல, கார்டு போடும் மூடியை. சோனியில் இரண்டு கார்டு போடலாம். நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஆர் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பயணம் போகிறவருக்கு ஒன்று போதும். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை பறந்து, மூன்று முடிச்சு விழும் இருபது வினாடியில் கார்டு படுத்துவிட்டால் என்ன செய்வது? இரண்டு கார்டிலும் ஒரே படம் ஒரே நேரத்தில் பதிந்தால் வரும் தூக்கத்துக்கு விலையே இல்லை. இந்தப் பக்கம் பலர் அந்த ஆண்டுகளில் சோனிக்கு மாறியதற்குப் பல காரணம் சொல்வார்கள். என் பார்வையில் அந்த இரண்டாவது துளை பெரிய காரணம். மற்ற இரு கம்பெனிகளும் 2020-ல் அந்தத் தவறைத் திருத்திக்கொண்டன.

மாறியவர்கள் பட்ட பாடு தனி. பழைய லென்ஸ்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். மாறாமல் பொறுத்த கேனான்காரர்கள் ஓர் அடாப்டரை மட்டும் வாங்கி, பத்து வருடப் பழைய இஎஃப் லென்ஸைப் புதிய ஆர் வரிசைப் பாடியில் மாட்டிக்கொண்டார்கள். முதன்மை டிஎஸ்எல்ஆர் வரிசையில் 1டிஎக்ஸ் மார்க் 3-தான் கடைசி என்று கேனான் தலைவரே 2021 இறுதியில் சொல்லிவிட்டார். இருந்தும் என் கணிப்பில் டிஎஸ்எல்ஆர் இந்த வட்டாரத்தில் இன்னும் பல ஆவணிகளைப் பார்க்கும். பாடி பழசானால் இரண்டாவது கேமரா ஆகும். அதுவும் பழசானால் பாஸ்போர்ட் போட்டோ கேமரா ஆகும்.

பழையதை வாங்குவோருக்கு ஒரு கணக்கு. ஏ7 மார்க் 3-ன் ஷட்டர் இரண்டு லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. 5டி மார்க் 3-ன் ஷட்டர் ஒன்றரை லட்சம். இப்போதெல்லாம் ஒரு கல்யாணத்தில் 2,500 கிளிக் சாதாரணம். 40 கல்யாணத்தில் ஒரு லட்சம். இரண்டே வருடம் ஓடிய கேமரா, பார்வைக்குப் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தாலும், உள்ளே தாத்தா. 36 படத்தில் கல்யாணத்தை முடித்த தலைமுறை இதைக் கேட்டால் சிரிக்கும்.

சித்திரை 6, ஐப்பசி 6

ஸ்ரீவைகுண்டம் நவதிருப்பதிகளில் சூரியனுக்குரிய தலம். சித்திரை 6-லும் ஐப்பசி 6-லும் காலை வெயில் கோபுர வாசல் வழியாக உள்ளே வந்து கள்ளபிரான் கோயில் மூலவர்மேல் விழும் என்பதும், அதற்கு வழிவிடத்தான் கொடிமரம் சற்று விலகி நிற்கிறது என்பதும் ஊர் வழக்கு. வருடத்தில் இரண்டு நாள் வெளிச்சத்துக்காகக் கட்டடத்தையே வளைத்த ஊரில் நின்றுகொண்டு மெகாபிக்சல் பேசுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஏனென்றால் இங்கே பிரச்சினை மெகாபிக்சல் இல்லை, வெளிச்சம். மண்டப மேடைகளில் எல்இடி பார் லைட்டுகள் ஊதாவும் பச்சையுமாக மணப்பெண் முகத்தில் அடிக்கின்றன. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் பல நேரம் படத்தின் குறுக்கே பட்டை விழுகிறது. ஐந்து லட்சம் போட்டவரும் அங்கே பழைய மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. கோயில் கொடை இன்னும் கடினம். சுடலை மாடன் கோயிலில் சாமக்கொடை நள்ளிரவில். ஒருபக்கம் வில்லுப்பாட்டு, மறுபக்கம் தீப்பந்தத்தோடு சாமியாடி. பிளாஷ் அடித்தால் நெருப்பு செத்துவிடும், அடிக்காவிட்டால் முகம் செத்துவிடும். குலசேகரன்பட்டினம் தசராவில் விஜயதசமி நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். காளி வேடமும் குரங்கு வேடமும் கூட்டமும் மணலும் உப்புக்காற்றும்.

இந்த இருட்டில் கைகொடுப்பது லென்ஸ். எஃப் 2.8 சூமைவிட எஃப் 1.4 பிரைம் நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். புது பாடிக்கும் முந்தைய பாடிக்கும் இருட்டில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது. பாடி நான்கு வருடத்தில் பாதி விலைக்குக்கூடப் போகாது. நல்ல லென்ஸ் மகன் கைக்கும் வரும். இருந்தும் ஆர்டர் கொடுக்க வருபவர் கேட்பது பாடியின் பெயரை மட்டுமே. துபாயில் இருக்கும் மைத்துனர் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பெயர் அது. அதனால் சிலர் லென்ஸை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பாடியைச் சொந்தமாக வாங்குகிறார்கள். தலைகீழ்க் கணக்கு. ஆனால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது அதுதானே.

லென்ஸுக்கு இந்த மண்ணில் ஓர் எதிரி உண்டு. இருபுறமும் வயலும் வாழையுமாக ஆறு ஓடும் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். பையிலேயே மூடி வைத்த லென்ஸில் மார்கழிக்குள் பூஞ்சை சிலந்திவலைபோலப் படர்ந்துவிடும். அரிசிப் பானைக்குள் வைத்தால் ஈரம் இழுக்கும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. ஈரம் கொஞ்சம் போகும். அரிசித் தூசி உள்ளே போகும். ஈரப்பதத்தைப் பாதி அளவில் நிறுத்தும் சின்ன அலமாரி ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு கல்யாண அட்வான்ஸுக்குமேல் போகாது. எந்தக் கடைக்காரரும் அதை முதலில் எடுத்துக் காட்டுவதில்லை.

பில்லோடு வாங்குவதா, பில் இல்லாமலா என்பது அடுத்த தலைவலி. 2018 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் டிஜிட்டல் கேமரா, வீடியோ கேமராக்கள்மீதான வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. மேலே சொன்ன 2,42,490 ரூபாயில் வரி மட்டும் 36,990. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், தாம் வசூலித்துக் கட்டும் வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பதிவு கட்டாயமில்லை. ஊர் ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். அவர்களுக்கு 36,990 போனது போனதுதான். பில் இல்லாத சரக்கின்மேல் ஆசை வருவது இந்த இடத்தில்தான். எனக்கும் ஒருமுறை வந்தது. மலிவாகக் கிடைத்த பிளாஷ் மூன்றாவது கல்யாணத்தில் கண்ணை மூடியது. வாரண்டி கார்டைத் தேடினால், உள்ளே இருந்தது யாருக்கும் புரியாத மொழியில் ஒரு துண்டுத்தாள்.

ட்ரோன் பற்றி ஒரு வரி. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கும் தடை. வாகைக்குளம் விமான நிலையம் வேறு பக்கத்தில். சொந்தமாக வாங்குவதைவிட, சான்றிதழ் உள்ள ஆளை அன்றைக்கு மட்டும் கூப்பிடுவது புத்திசாலித்தனம்.

மார்கழி முதல் நாள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி 1. கார்த்திகையின் கடைசி முகூர்த்தங்கள் முடிந்து, கருவிகள் எல்லாம் துடைத்து வைக்கப்பட்டு ஸ்டுடியோக்களின் கீழ்த்தட்டுகளில் ஓய்வெடுத்த நாள். ஆல்பத்துக்குப் போகாத படங்கள் கார்டிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்தன. அன்று பிடித்த மழை மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கி, நாடே அந்த நிலையத்தின் பெயரைக் கேட்டது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை.

அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் தண்ணீர் மேசை உயரம்.

“கேமராவத் தூக்கிட்டுப் போயிட்டேன் தம்பி. வெளக்கு இல்ல, அவசரம், டிஸ்க்க விட்டுட்டேன். நாலு கல்யாணம் அதுல கெடந்துச்சு.”

ஒரு மணி நேர 4கே வீடியோ, நொடிக்கு நூறு மெகாபிட் வேகத்தில், 45 ஜிபி. எட்டு மணி நேரக் கல்யாணம் 360 ஜிபி. இரண்டு கேமரா என்றால் இரட்டிப்பு. இதற்கு இரண்டாம் பிரதி வைப்பது வீண்செலவு என்று தோன்றுவது இயல்பு, சேறு வடியும் வரை. அண்ணாச்சி இன்னொரு தப்பும் செய்தார்: நனைந்த டிஸ்க்கைத் துடைத்துவிட்டுக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். தண்ணீரில் பிழைத்திருக்கக்கூடியது அதில் போனது. நான்கில் இரண்டு வீட்டுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வீட்டில் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. வீட்டுக் காப்பீட்டில் தொழில் கருவிகள் பொதுவாகச் சேராது, தனியாக எடுக்க வேண்டும் என்பதை அந்த வாரத்தில் தெரிந்துகொண்டவர்கள் பலர்.

தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டுடியோவுக்கு முதலில் வந்தவர்கள் புதுக் கல்யாண வீட்டார் இல்லை. நனைந்து ஒட்டிப்போன பழைய ஆல்பங்களை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்த பெண்கள். பத்து, இருபது வருடத்துக்கு முந்தைய பிரிண்ட்டுகள். அண்ணாச்சி வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி, தாளைத் தாளாக மெதுவாகப் பிரித்து, மொட்டைமாடிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். கொடியில் சேலைகளுக்கு நடுவே யார்யாரோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி தேறியது என்றார்.

அதற்குப்பின் அவர் வாங்கிய முதல் பொருள், சுவரில் ஏழடி உயரத்தில் அடித்த இரும்புத் தட்டு. அடுத்தது இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று பாளையங்கோட்டையில் தங்கை வீட்டில் இருக்கும். பாடி இன்னும் பழசுதான்.

நான் கிளம்பும்போது கைப்பேசி அடித்தது. கேமராப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் மறைந்தார். ஆவணியில் ஒரு கல்யாணம், திருச்செந்தூரில் தாலிகட்டு. கோயிலுக்குள் கைப்பேசிக்கே 2022-லிருந்து தடை என்பதையெல்லாம் அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார். ஆல்பம் எத்தனை பக்கம் என்று பேசினார். பிறகு எதிர்முனையில் வந்த கேள்விக்குக் கொஞ்ச நேரம் பதில் இல்லை. துண்டில் வரிசையாக நின்ற லென்ஸ்களைப் பார்த்தார்.

“மாடலு கெடக்கட்டும் சார். முகூர்த்தம் எத்தன மணிக்குன்னு சொல்லுங்க.”

ஆணியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, சிவப்புப் பேனாவைத் தேடினார்.